இரவு விழிப்போரின் பத்தியம்

உடம்பின் பாரத்தைக் குறைத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன சொல்லை வேதவாக்காக ஏற்று, அன்று முதலே சோற்றைப் பாதியாக்கி, சர்க்கரையை விலக்கி, எண்ணெய்ப் பண்டங்களின் பக்கம் தலைவைத்தும் படுக்காதிருந்த ஒரு மனிதர், இரண்டு மாதம் கழித்து நிறை பார்க்கும்போது முள் பழைய இடத்திலேயே நிற்கக் கண்டால், தம்முடைய மனவுறுதியையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார். அவர் இரவெல்லாம் விழித்திருந்து உழைப்பவராக இருந்தால், அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். அவர் கையில் கொடுக்கப்பட்ட உணவுப் பட்டியலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது காலை எட்டு மணிக்கு மூன்று இட்லியில் தொடங்கி, இரவு எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தியில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மறுநாள் காலை எட்டு வரையுள்ள பன்னிரண்டு மணி நேரத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. சோமனூரில் எத்தனையோ பேருக்கு வேலை தொடங்குவதே அந்த நேரத்தில்தான்.

சோமனூர், கருமத்தம்பட்டி, தெக்கலூர், சாமளாபுரம், மங்கலம், பல்லடம் என்று கோவைக்கும் திருப்பூருக்கும் இடையிலும் சுற்றிலும் பரவிக் கிடக்கும் விசைத்தறிப் பிரதேசத்தில், ஊர் அடங்கிய பின்னும் தறி அடங்குவதில்லை. ஜவுளி உற்பத்தியாளர்களிடம் பாவு நூலை வாங்கி வந்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்து கொடுக்கும் சிறிய தறிக்காரர்கள் இங்கே மிகுதி. அந்தக் கூலியைச் சற்று உயர்த்திப் பெறுவதற்கே அவர்கள் தறிகளை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் போராட நேர்வதால், ஓடுகிற நாளில் தறி ஒரு நாழிகையும் சும்மா நிற்கலாகாது என்பது இத்தொழிலின் தர்மம் போலவே ஆகிவிட்டது. குடோனில் தறி ஓட்டுகிறவருக்கும் நெய்த துணியின் அளவே வருமானத்தின் அளவு. பகலில் பன்னிரண்டு மணி நேரம், இரவில் பன்னிரண்டு மணி நேரம் என்று இரண்டே ஷிப்டாகப் பல இடங்களில் தறி ஓடுகிறது. இந்த வாரம் பகல் பார்த்தவர் அடுத்த வாரம் இரவுக்கு மாறுகிறார். நாடாவில் தீர்ந்துபோன தாரை மாற்றுவதும், அறுந்த இழையை முடிவதும், ஒரு தறியிலிருந்து மறு தறிக்கு ஓயாமல் நடப்பதுமாகிய அந்த வேலையில், கண் அயர்ந்தால் துணி பழுதாகும் என்பது மட்டுமல்ல, கைக்கும் விரலுக்கும் அபாயம் நேரும். ஆகவே விழித்திருப்பதற்காகவே உண்ணுகிற ஒரு பழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. பசி வந்து உண்பவரைக் காட்டிலும் தூக்கம் வந்து உண்பவரே அங்கு அதிகம்.

கோயமுத்தூருக்கு இராவேலை புதிய சங்கதி அன்று. 1888-ல் ஸ்டேன்ஸ் அவர்களின் முயற்சியால் இங்கே முதல் பஞ்சாலை எழுந்தது. 1930-களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் சமவெளிக்கு இறங்கி வந்த பிறகு ஆலைகள் மளமளவென்று பெருகின. ஆலைத் தொழிலாளிக்கும் இரவு ஷிப்ட் இருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் என்ற ஒரு துணை நின்றது. வயது வந்த தொழிலாளியின் வேலை நாளுக்கு ஒன்பது மணி நேரத்தையும் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்தையும் மீறலாகாது என்றும், ஐந்து மணி நேரம் தொடர்ந்து உழைத்தவருக்கு அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உணவுச்சாலை அமைக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் வகுத்தது. நாலைந்து பேர் வேலை செய்யும் தறி குடோன் இந்த வரம்புக்குள் வருவதில்லை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் ஒன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது; அடுத்த மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. அதே வேளையில், எந்தத் திருத்தமும் இல்லாமலே பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைக்கும் தறித் தொழிலாளியைப் பற்றி அப்போது அதிகம் பேர் பேசவில்லை என்பது என் மனத்தை இன்றும் உறுத்துகிறது.

உணவின் கணக்கைப் பற்றிப் பேசுவதற்குக் கொங்கு நாட்டாருக்கு ஒரு விசேஷ உரிமை உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் வருகிற குன்னூரில், பாஸ்டியர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்திய ஆகாரங்களைப் பற்றிய முறையான விஞ்ஞானத்துக்கு அந்த அறையே பிறப்பிடம். நாட்டின் பல பகுதிகளில் மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அவர், கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கலந்த பஞ்சாபியரின் உணவில் எலிகள் செழித்ததையும், தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து உணவில் அவை நலிந்ததையும் எடுத்துக்காட்டினார். அவருக்குப் பின், அந்த அறையில் தொடங்கி வளர்ந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைமையை ஏற்ற ஐக்ராய்டு, 1937-ல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பை அட்டவணையாக வகுத்து வெளியிட்டார். இன்று கைப்பேசியில் ஒவ்வொரு கவளத்துக்கும் கலோரி பார்ப்பவர்கள், தாம் எடுத்தாளும் கணக்கின் வேர் நம் மலையிலே இருப்பதை அறிந்தால் மகிழ்வார்கள். 1958-ல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்த அந்த ஆராய்ச்சிக்கூடமே பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

அந்த நிறுவனம் 2020-ல் வகுத்த அளவின்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்தே வேலை செய்பவரானால் நாளுக்கு 2,110 கலோரியும், நடுத்தர உழைப்பாளியானால் 2,710 கலோரியும் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முறையே 1,660, 2,130. தறிகளுக்கிடையே பன்னிரண்டு மணி நேரம் நடக்கிறவரை உட்கார்ந்து வேலை செய்பவராகக் கொள்வது அநியாயம். அவ்வாறிருக்க, நாளுக்கு 1,200 கலோரி என்று எங்கோ யாருக்கோ எழுதிய பத்தியத்தை எடுத்து அவர் மேல் சுமத்துவதை என்னவென்று சொல்வது? இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர், தாமே முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாத காலம் சுமார் 1,570 கலோரியில் வைத்துப் பார்த்தபோது, அவர்கள் மெலிந்து, சோர்ந்து, எரிச்சலுற்று, இரவும் பகலும் உணவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அரைப்பட்டினியைப் பற்றிய ஆராய்ச்சி என்றே அது பெயர் பெற்றது. அவர்களுக்குக் கிடைத்த அளவிலும் குறைவாக உண்டுகொண்டு, இரவிலே தூங்காமலும் தறி ஓட்டு என்று ஒருவரிடம் சொல்வது, அதை எழுதிக் கொடுப்பவர் நல்லெண்ணம் உடையவரேயானாலும், கொடுமையாகத்தான் முடிகிறது.

இனி, ஓர் இரவில் உண்மையில் வயிற்றுக்குள் போவது என்ன என்று பார்ப்போம். நம் பக்கத்தில் தேநீர்க் கடைக்கே பேக்கரி என்றுதான் பெயர். பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் டீ ஏறக்குறைய 80 கலோரி. இரவெல்லாம் ஐந்து டீ குடித்தால் 400. அதற்குத் துணையாக ஒரு தேங்காய் பன் அல்லது பப்ஸ் வந்தால் இன்னும் முந்நூறு. வேலைக்கு வரும் வழியில் இரண்டு பரோட்டாவும் குருமாவும் ஆயிருந்தால் அது தனியே அறுநூறை எட்டிவிடும். வீட்டில் சோற்றைக் குறைத்ததெல்லாம் உண்மை. குறைத்ததை இரவு திரும்ப வாங்கிக்கொண்டதும் உண்மை. இதில் அவர் செய்த பிழை ஒன்றும் இல்லை. பகலில் அரைவயிறாக இருந்தவருக்கு அதிகாலை மூன்று மணிக்கு இனிப்பின் மேலும் மாவுப் பண்டத்தின் மேலும் வருகிற ஆசை, சரீரத்தின் உள்ளிருந்து எழுகிற கட்டளை. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2004-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், இரண்டே இரவு நான்கு மணி நேரத் தூக்கத்தோடு நிறுத்தப்பட்ட வாலிபர்களுக்குப் பசியைத் தூண்டும் சுரப்பு 28 சதவீதம் கூடியது. போதும் என்று சொல்லும் சுரப்பு 18 சதவீதம் குறைந்தது. இரண்டு இரவுக்கே இந்த விளைவென்றால், இரவு வாரம் மாதத்துக்கு இருமுறை வந்துகொண்டிருக்கும் ஒருவரின் தேகத்தில் என்ன நடக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

"ராத்திரி பூரா முழிச்சிருக்கறதுலயே ஒடம்பு கரைஞ்சு போயிருமுங்க" என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நம்பிக்கையையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கொலராடோவில் 2011-ல் வெளியான ஆய்வின்படி, ஒருவர் படுக்கையை விட்டு எழாமல் இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருந்தால், வழக்கம்போல் உறங்கிய நாளைவிட அதிகம் செலவாவது சுமார் 135 கலோரி மட்டுமே. ஒரு தேங்காய் பன்னில் பாதிக்குக்கூட அது ஈடாகாது. விழிப்பு எடையைக் கரைக்கும் என்ற எண்ணத்தை அடியோடு விட்டுவிடுவதே நல்லது.

இதைக் காட்டிலும் கவலை தருகிற செய்தி வேறொன்று உண்டு. சிகாகோவில் நடந்த மற்றொரு சோதனையின் முடிவு 2010-ல் வெளியானது. எடை மிகுந்த பத்துப் பேரை, ஒரே மாதிரியான குறைந்த உணவில், இருவேறு காலங்களில் பதினான்கு நாள் வீதம் வைத்துப் பார்த்தார்கள்; ஒரு முறை படுக்கையில் எட்டரை மணி நேரம், மறு முறை ஐந்தரை மணி நேரம். இரண்டு முறையும் எடை ஏறக்குறைய மூன்று கிலோ குறைந்தது. ஆனால் நன்றாக உறங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பாக இருந்தது. தூக்கம் குறைந்தபோது கொழுப்பு 0.6 கிலோவே கரைந்தது, மீதியெல்லாம் தசை முதலிய வேண்டிய பகுதிகள். எதை இழக்க வேண்டுமோ அதைக் காப்பாற்றிக்கொண்டு, எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதை இழக்கிறது தூக்கமற்ற தேகம். உழைப்பையே மூலதனமாகக் கொண்ட ஒரு மனிதருக்குத் தசையின் இழப்பு என்பது வெறும் அழகுக் குறைவு அன்று, ஜீவனோபாயத்தின் இழப்பு.

உண்ணும் நேரத்துக்கும் பொருள் உண்டு. நம் உடலின் ஒவ்வொரு அங்கத்துக்குள்ளும் பகல் இரவை அறிந்து இயங்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன் இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. நள்ளிரவில் உண்ட அதே அளவு சோறு, நண்பகலில் உண்டதைவிட இரத்தத்தில் சர்க்கரையை அதிகம் ஏற்றுகிறது. பாஸ்டன் நகரின் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நமக்கு மிகவும் பயன்படத்தக்கது. இரவு வேலையைப் போன்ற சூழலில் பத்தொன்பது பேரை வைத்து, ஒரு சாராரை இரவிலும் உண்ணச் செய்தார்கள். மறு சாராரைப் பகல் நேரத்தில் மட்டும் உண்ணச் செய்தார்கள். இரவில் உண்டவர்களின் இரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு அவ்வாறு உயரவில்லை. சிறிய சோதனைதான், ஆரோக்கியமான இளைஞர்களைக் கொண்டு நடந்ததுதான். ஆனாலும் அது காட்டுகிற திசை தெளிவானது. தமிழ்நாட்டு மக்கள் அதைப் புறக்கணிக்கவே முடியாது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட மாபெரும் கணக்கெடுப்பு, இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்று கண்டது. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025-ல் வந்த அறிக்கை, நாம் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று காட்டியது. மெக்காரிசன் தம் எலிகளைக் கொண்டு எச்சரித்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. தட்டில் சோறு மலையாகவும் பருப்பு மடுவாகவும் இருக்கிற நிலை இன்னும் மாறவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். மகா சிவராத்திரியன்று பேரூரிலும் அவிநாசியிலும் எத்தனை ஆயிரம் பேர் உபவாசம் இருந்து, நான்கு கால பூஜையும் கண்டு, கண் விழிக்கிறார்கள். அவர்களுக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. விடையும் அந்த விரதத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அது ஆண்டுக்கு ஒரே இரவு. அன்று யாரும் இயந்திரத்தின் முன் நிற்பதில்லை. மறுநாள் காலையில் முறையாகப் பாரணை செய்து, அன்றிரவு நேரத்தோடு படுத்துத் தேகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பிணியாளருக்கும் அந்த நியமத்திலிருந்து விலக்கு உண்டு. பட்டினியும் விழிப்பும் சேர்ந்தால் தேகத்துக்கு எவ்வளவு சிரமம் என்பதை அறிந்தவர்களாலேதான் இத்தனை வரம்புகளோடு ஒரு விரதத்தை அமைக்க முடிந்தது. வரம்புகளை விட்டுவிட்டுப் பட்டினியையும் விழிப்பையும் மட்டும் வாரத்துக்கு ஆறு இரவு கைக்கொள்வதை அந்தப் பெரியவர்களே ஒப்பமாட்டார்கள்.

ஆகவே நான் சொல்ல விரும்புவது இதுதான்: ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கிறவர், இரவு வாரத்தில் எடையைக் குறைக்க முயலவே வேண்டாம். அந்த வாரத்தில் எடை ஏறாமல் காத்துக்கொண்டால் அதுவே வெற்றி. குறைக்கிற வேலையை, இரவிலே படுத்து உறங்க வாய்க்கிற பகல் வாரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். நடுத்தர உழைப்புக்குரிய 2,710-லிருந்து ஐந்நூறைக் குறைத்து, பகல் வாரத்தில் நாளுக்கு 2,200 கலோரி அளவில் நிற்கலாம். இரவு வாரத்தில் 2,450-க்குக் கீழே போக வேண்டாம். எடை மெதுவாகத்தான் இறங்கும். ஆறு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கி அங்கேயே நிற்பது, ஒரே மாதத்தில் ஐந்து கிலோ இறங்கி அடுத்த மாதத்தில் ஏழு கிலோ ஏறுவதைவிட எவ்வளவோ மேலானது.

அந்த 2,450-ஐ இரவு வாரத்தில் எப்படிப் பகிர்வது என்பதற்கு, இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை வேலை என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். வேலைக்குக் கிளம்புமுன், ஏழு மணி அளவில், வீட்டிலேயே ஒரு முழுச் சாப்பாடு சுமார் 850 கலோரிக்கு ஆகட்டும். அதற்கு நம் ஊர் அரிசியும் பருப்பும் சாதத்தைவிடச் சிறந்த ஆகாரம் வேறு தேட வேண்டியதில்லை. அரிசியைக் கொஞ்சம் குறைத்துத் துவரம்பருப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு, பக்கத்தில் ஒரு பொரியலும் ஒரு முட்டையும் இருந்தால் நள்ளிரவு வரை பசி எட்டிப் பார்க்காது. பன்னிரண்டு மணி வாக்கில் 250 கலோரி அளவுக்கு வேகவைத்த நிலக்கடலை ஒரு கை, அல்லது பச்சைப்பயறுச் சுண்டல், கூடவே ஒரு டம்ளர் மோர். அதற்குப் பிறகு விடியும் வரை தண்ணீரும் நீர்மோரும் மாத்திரமே. மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே உடலின் வெப்பமும் விழிப்பும் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரத்தில் எதையாவது மென்றுகொண்டிருக்கத் தோன்றும். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து பத்து நிமிஷம் காற்றாட நின்றால் அந்த வேகம் தணியும். டீயை முற்றிலும் விடச் சொல்ல நான் துணியமாட்டேன். சர்க்கரை குறைத்து இரண்டு டீ, 150 கலோரிக்குள், இரண்டு மணிக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். ஏனெனில் டீயிலுள்ள காஃபீனில் பாதி உடம்பை விட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும், ஐந்து மணிக்குக் குடித்த டீ ஒன்பது மணித் தூக்கத்தைக் கெடுக்கும்.

காலையில் வீடு திரும்பியதும் பட்டினியாகப் படுப்பதும் தவறு, வயிறு புடைக்கத் தின்றுவிட்டுப் படுப்பதும் தவறு. இரண்டு இட்லியும் சாம்பாரும், அல்லது மோர் கரைத்த கம்மங்கூழ் ஒரு சொம்பும் சின்ன வெங்காயமும், 350 கலோரி அளவில் போதும். பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்த பிறகு அடுத்த முழுச் சாப்பாட்டை உட்கார்ந்து நிதானமாக உண்ணலாம். 850 கலோரி என்பது தாராளமான சாப்பாடு. கொள்ளுப் பருப்பு, கீரைக் கடைசல், ராகிக்களி என்று நம் பாட்டிமார் ஆக்கிப்போட்டவையெல்லாம் இங்கே இடம் பெறட்டும். நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம் இருக்கிறது. தசையைக் காக்க வேண்டிய மனிதருக்கு அது எளிய விலையில் கிடைக்கும் வரம்.

நீரிழிவுக்காக இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் இந்த மாற்றங்களில் ஒன்றையும் மருத்துவரைக் கேளாமல் செய்யக் கூடாது. மாத்திரையை விழுங்கிவிட்டு ஆகாரத்தைத் தள்ளிப்போட்டால் இரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரும். ஓடுகிற தறியின் அருகில் அது உயிருக்கே ஆபத்து. இரவு வாரத்தில் மாத்திரையின் வேளையே மாற வேண்டியிருக்கும் என்பதைப் பலர் கேட்பதும் இல்லை, பலர் சொல்வதும் இல்லை. மருத்துவர்களும் உணவு ஆலோசகர்களும் நம் பகுதி நோயாளியிடம் வயதையும் எடையையும் கேட்கும்போதே எந்த ஷிப்ட் என்றும் கேட்டு, பகல் வாரத்துக்கு ஒன்று, இரவு வாரத்துக்கு ஒன்று என்று இரண்டு பட்டியல் எழுதித் தர வேண்டும். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் போற்றத்தக்கது. ஆயினும் வீடு தேடி வருகிற ஊழியர் பகலில் கதவைத் தட்டும்போது, நைட் பார்த்தவர் அரைத் தூக்கத்தில் எழுந்து வர வேண்டியிருக்கிறது. தறிப் பகுதிகளுக்கு மாத்திரமாவது அந்திவேளையில் அவர்கள் வர ஏற்பாடு செய்வது அரசுக்குப் பெரிய செலவாகாது.

தூக்கத்தைப் பற்றி வீட்டாரும் யோசிக்க வேண்டும். இரவு வேலை முடித்து வந்தவர் பகலில் படுத்திருந்தால், பொழுது விடிந்தும் தூங்குகிறாரே என்று உறவினர் எண்ணுவதும், ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவரையே எழுப்பி அனுப்புவதும் சகஜமாகிவிட்டன. கணவனும் மனைவியுமாக மாறி மாறித் தறி பார்க்கும் வீடுகளில் பெண்ணின் நிலை இன்னும் பரிதாபம். அவள் தறி ஓட்டிவிட்டு வந்தும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், குழந்தைகளை அனுப்ப வேண்டும், பிறகுதான் கண்ணை மூடலாம். அவளுடைய பகல் தூக்கம் மூன்று மணி நேரத்தை எட்டுவதே அரிது. எடை ஏறுகிறதே என்று அவளைக் குறை சொல்லுமுன், அவள் தூங்குவதற்கு ஆறு மணி நேரத்தை வீட்டார் ஒதுக்கிக் கொடுத்தார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சன்னலுக்கு ஒரு கெட்டியான திரை, கைப்பேசிக்கு வாயடைப்பு, அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை. இவை எந்த மருந்துக்கும் குறைந்தவை அல்ல. அமெரிக்காவில் 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், குறைவாகத் தூங்கி வந்த எண்பது பேரில் ஒரு பகுதியினரைத் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிகமாகத் தூங்கச் செய்தபோது, ஒரு கட்டுப்பாடும் விதிக்காமலே அவர்கள் உண்டது மற்றவர்களைவிட நாளுக்கு 270 கலோரி குறைந்தது.

இவ்வளவையும் தொழிலாளியின் தலையிலேயே கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது தர்மம் ஆகாது. நெய்த மீட்டருக்குத்தான் கூலி என்றிருக்கும்போது நள்ளிரவில் தறியை நிறுத்திவிட்டுச் சுண்டல் சாப்பிட அவர் எப்படி உட்காருவார்? ஒரு கையில் பன்னும் மறு கையில் அறுந்த இழையுமாக அவர் நிற்பதற்குக் காரணம் நாக்கின் சபலம் அன்று, கூலியின் அமைப்பு. தறி உரிமையாளரும் பாவம், அவருக்குக் கிடைக்கிற கூலியும் பல ஆண்டுகளாகக் கட்டுப்படியாகாமல் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆகையால் என் விண்ணப்பம் இரு தரப்பாரையும் நோக்கியது. ஜவுளி உற்பத்தியாளரும் கூலித் தறிக்காரரும் அதிகாரிகள் முன்னிலையில் அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, மீட்டருக்கு எவ்வளவு என்ற பேச்சோடு எழுந்துவிட வேண்டாம். இரவு ஷிப்டில் பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேரம் கூலியோடு ஓய்வு, அந்த நேரத்தில் தறியைப் பார்த்துக்கொள்ள ஒரு மாற்றாள், உட்கார்ந்து உண்ண ஒரு பெஞ்சும் குடிக்க நல்ல தண்ணீரும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாக எழுதிக் கையெழுத்திடுங்கள்.